மோட்டார் சைக்கிளில் காசி யாத்திரை

வடக்கே போனவர்கள் இந்த உலகத்தில் எத்தனையோ பேர். ராஜாக்கள் சண்டைக்குப் போனார்கள். முனிவர்கள் தவத்துக்குப் போனார்கள். வயதானவர்கள் புண்ணியத்துக்குப் போனார்கள். கல்யாணத்தன்று காலையில், கழுத்தில் மாலையோடு, மோட்டார் சைக்கிளில் வடக்கே போனவர் சரித்திரத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் திருநெல்வேலி நூதன சாதன அபிவிருத்தி சபையின் தலைவர், ஸ்ரீமான் ஆவுடைநாயகம் பிள்ளை, பி.ஏ. நான் அந்தச் சபையின் காரியதரிசி. யாத்திரை முழுவதும் அவர் பக்கத்திலேயே இருந்தேன். குதிக்கப் பயந்துதான் இருந்தேன் என்று சிலர் சொல்வது அவதூறு.

சபையைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. சீமையில் கண்டுபிடித்த சாதனம் எதுவானாலும் அதைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே எங்கள் நோக்கம். உறுப்பினர்கள் எல்லோரும் பி.ஏ. தேறியவர்கள், தேறாதவர்களும் பரீட்சை எழுதியவர்கள். முதல் வருஷம் கிராமபோன் வரவழைத்தோம். அதற்கு ஊசி வரவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை அதைச் சுற்றி உட்கார்ந்து கௌரவமாகப் பார்த்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம், தலைவர் சென்னப் பட்டணத்திலிருந்து ரயிலில் ஒரு மோட்டார் சைக்கிளை வரவழைத்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரப் பிரம்புக் கூடை ஒன்றும் அதில் கோத்திருந்தது.

அந்த வண்டியின் குணவிசேஷத்தைச் சொல்லியாக வேண்டும். அதைக் கிளப்ப நாலு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். நிறுத்துவதானால் இயந்திரத்தையே அணைக்க வேண்டும். அணைத்தால் மறுபடியும் நாலு பேர். ஆகவே, 'கிளம்பிய வண்டியை இடையில் நிறுத்துவது அநாகரிகம்' என்று தலைவர் விதி செய்தார். சபை அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

அதே வருஷம் தலைவருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் தச்சநல்லூர் கைலாசம் பிள்ளையின் ஒரே மகள் உலகம்மாள். எங்கள் கல்யாணங்களில் காசி யாத்திரை என்று ஒரு சடங்கு உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடையும் விசிறியும் கைத்தடியுமாக, 'எனக்குக் குடும்பம் வேண்டாம், சந்நியாசம் வாங்கக் காசிக்குப் போகிறேன்' என்று தெருவில் இறங்குவார். பெண்ணின் தகப்பனார் தேங்காய் வெற்றிலையோடு மறித்து, 'காசிக்குப் போக வேண்டாம், என் மகளைத் தருகிறேன், திரும்பி வாருங்கள்' என்று அழைத்து வருவார். அவர்தான் அழைக்க வேண்டும். தானாகத் திரும்பிய மாப்பிள்ளையை ஊர் ஏழு தலைமுறைக்குச் சிரிக்கும்.

தலைவருக்கு இந்தச் சடங்கில் ஒரு ஆட்சேபம் இருந்தது.

"நாலு வீடு தள்ளி நடந்துட்டுத் திரும்பி வாரது யாத்திரையாவே? அது கூத்து. நவீன மனுசன் எதைச் செஞ்சாலும் நெசமாச் செய்யணும்" என்றார்.

"நெசமாவே காசிக்கா?" என்று கேட்டேன்.

"தெருமுக்கு வரைக்கும்தான். ஆனா மோட்டாருல."

கல்யாணத்தன்று காலையில் பெண் வீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. தலைவர் பஞ்சகச்சத்தின் மேல் தோல் பெல்ட் கட்டி, கண்ணில் தூசிக் கண்ணாடி மாட்டியிருந்தார். நான் மாப்பிள்ளைத் தோழன் என்ற முறையில் குடை, விசிறி, கைத்தடி சகிதம் கூடையில் உட்கார்ந்தேன். சபை உறுப்பினர்கள் தள்ளினார்கள். வண்டி இருமியது, புகைந்தது, பிறகு பெருஞ்சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். தெருவில் கட்டியிருந்த மாடுகள் கட்டுத்தறியோடு போயின.

தெருமுக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் கைலாசம் பிள்ளை தட்டோடு நின்றார். நல்ல மனுஷர். பிடித்த பிடியாக நடுத்தெருவில்தான் நின்றார். "மாப்பிள்ளே, காசிக்குப் போக வேண்டாம், எம் மக உலகம்" என்பதுவரை எனக்குக் கேட்டது. அதன்பின் அவர் வாய்க்காலில் நின்றார்.

"மாமாதான் மறிச்சாச்சே, நிறுத்தும்வே" என்றேன்.

"எங்க முழுசாச் சொன்னாரு? மகளத் தாரேன்னு சொல்லணும்லா. அதச் சொல்லாம நான் எப்படித் திரும்புதது?"

சட்டம் அவர் பக்கம் இருந்தது. ரோட்டின் அகலமும் அவர் பக்கம்தான். கூடையோடு அந்த வண்டியைத் திருப்பத் தச்சநல்லூரில் இடமில்லை. தாழையூத்திலும் இல்லை. கங்கைகொண்டானில் சிற்றாற்றைக் கண்டதும் தலைவர், பெயரிலாவது கங்கை இருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டார். கையை எடுத்ததும் வண்டி ஒரு பனைமரத்தைப் பார்த்துப் போயிற்று. பக்தி எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதை நான் அன்று தெரிந்துகொண்டேன்.

கயத்தாற்றைத் தாண்டும்போது முகூர்த்த நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் விடிகாலையில் இன்னொரு முகூர்த்தம் இருந்தது. அதையும் விட்டால் உலகம்மாளின் கதி அவ்வளவுதான். மணையில் உட்கார்ந்து தாலி ஏறாமல் எழுந்த பெண்ணை எங்கள் ஜில்லாவில் எவனும் கட்ட மாட்டான். இதைத் தலைவருக்கு நினைவுபடுத்தினேன்.

"பொம்பளைகளோட நெலமையப் பத்தி நம்ம சபையில ஒருநா பேசத்தான் வேணும்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

கயத்தாற்றுக்கு வடக்கே கரிசல் காட்டுக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே வண்டி தானாகவே நின்றது. சுற்றிலும் பருத்தி, கம்பு, உடைமரம். தலைவர் இறங்கி, இடுப்பில் கை வைத்து, நாலு திசையும் பார்த்தார். இதுவரை நாகரிகத்தின் கால் படாத வடதேசத்தில் நாங்கள் நிற்பதாக அறிவித்தார். ஜனங்கள் கூடினார்கள். தலைவர் கலப்பையோடு வந்த ஒரு சம்சாரியை நெருங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, "உங்கள் தேசத்தின் பெயர் யாது?" என்று கேட்டார்.

"திருநெல்வேலி ஜில்லாதான்" என்றார் அவர். அவர் பெயர் மாடக்கண்ணு. "நீங்க எங்கனயிருந்து வாரிய?"

"வெகு தூரம். தெற்கே."

"தெக்கன்னா?"

"தச்சநல்லூர்."

"அட, எங்க அத்தையக் கட்டிக் குடுத்த ஊருல்லா. இன்னைக்கு அங்கன கைலாசம் பிள்ளை வீட்டுல கல்யாணமாமே. சாப்பாடு ஆச்சா?"

தலைவர் என்னிடம் திரும்பி, "இவங்க பாஷை நம்ம பாஷைக்கு ரொம்பக் கிட்ட வருது, குறிச்சுக்கும்" என்றார். குறித்துக்கொண்டேன். மாடக்கண்ணு கம்மஞ்சோறும் துவையலும் கொடுத்தார். வடதேசத்துப் பூர்வகுடிகளின் ஆகாரம் என்று தலைவர் அதை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"மாப்பிள்ளைக் கோலத்துல இருக்கியளே. மாடு பூட்டித் தாரேன், திரும்பிப் போயிருங்க. பொழுதுக்குள்ள சேந்திரலாம்" என்றார் மாடக்கண்ணு.

"மாமனார் வந்து கூப்பிடாமல் திரும்பினால் என் மரியாதை என்ன ஆகிறது?" என்றார் தலைவர்.

பிற்பகலில் தெற்கே புழுதி கிளம்பிற்று. கைலாசம் பிள்ளை வில்வண்டியில் வந்து இறங்கினார். வேட்டியில் வாய்க்கால் சேறு காய்ந்திருந்தது. கையில் அதே தேங்காய். மாடக்கண்ணு ஒரு செம்பு மோர் நீட்டினார். பிள்ளை வாங்கவில்லை.

"பொண்ணத் தாரவாக்காம வாயில தண்ணி படக் கூடாது" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம் வந்தார். "உலகம்மா மணைய விட்டு எந்திரிக்கல. எந்திரிச்சா எல்லாம் முடிஞ்சிரும்னு காலைலயிருந்து அப்படியே இருக்கா. விடியக்காலம் முகூர்த்தம் இருக்கு. வாங்க, மாப்பிள்ளே. எம் மகளைத் தாரேன்."

நான் வாழ்நாளில் கேட்ட வாக்கியங்களில் அதுதான் முழுமையானது. எழுவாய், பயனிலை, தேங்காய் எல்லாம் இருந்தன. தலைவர் கலங்கியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார்.

"மாமா, நான் இப்ப நின்னுக்கிட்டுல்லா இருக்கேன். போறவனைத்தான் மறிக்கணும். நிக்குதவனை மறிச்சா அது சடங்காகுமா? செஞ்சா நெசமாச் செய்யணும்."

கைலாசம் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி. கிளம்புங்க. மறிக்கேன்" என்றார்.

ஊரே வந்து தள்ளிற்று. கைலாசம் பிள்ளையும் தள்ளினார். தன் மருமகனைக் காசிக்குத் தள்ளிய மாமனார் வேறெங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. வண்டி இருமிக் கிளம்பியதும் பக்கவாட்டில் ஓடி வந்தார். அறுபதை நெருங்கிய மனுஷர், பச்சைத் தண்ணீர் குடிக்காமல், தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே, "காசிக்குப் போக வேண்டாம், மாப்பிள்ளே. எம் மகளைத் தாரேன். திரும்பி வாங்க" என்று ஒரு சொல் விடாமல் சொன்னார். மூன்று தரம் சொன்னார்.

"காதுல விழுந்துதாவே?" என்று தலைவரைக் கேட்டேன்.

"விழுந்துது."

"பின்ன நிறுத்தும்."

அவர் வடக்கே பார்த்தபடியே சொன்னார்: "நிறுத்தினா திரும்பவும் வண்டியத் தள்ளணும். அவங்க எல்லாம் பின்னால நின்னுட்டாங்க. மாமனார் பாத்துக்கிட்டிருக்கும்போது மாப்பிள்ளை வண்டி தள்ளுததா? நீரே சொல்லும்."

கூடையில் உட்கார்ந்தபடி திரும்பிப் பார்த்தேன். கைலாசம் பிள்ளை ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மாடக்கண்ணு மோர்ச் செம்போடு அவரிடம் ஓடிக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டி கடந்து, சாத்தூரில் பெட்ரோல் தீர்ந்தது. மறுநாள் விடிகாலை முகூர்த்த நேரத்தில் தலைவர் ரயிலடியில் உட்கார்ந்து, சென்னப் பட்டணத்துப் பத்திரிகைக்குத் தம் வடதிசைப் பிரயாணத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். மழை, புலி இரண்டும் புதிதாகச் சேர்ந்திருந்தன. கல்யாணம் மட்டும் எப்படியோ விட்டுப்போயிருந்தது. வண்டியைச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டு ரயிலில் திரும்பினோம். தச்சநல்லூர் வந்தபோது தலைவர் மறுபக்கத்து ஜன்னலில் இயற்கைக் காட்சியைக் கவனித்தார்.

இதற்குள் ஊர் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. மணையிலிருந்து எழுந்த உலகம்மாளைப் பற்றித் தெருவுக்கு ஒரு பேச்சு. "மூஞ்சியப் பாக்குததுக்கு முன்னாடியே சாத்தூர் வரைக்கும் ஓடியிருக்காருன்னா, பாத்திருந்தா எங்க போயிருப்பாரோ" என்றாளாம் எதிர்வீட்டு இசக்கித்தாய். வாசலில் உலகம்மாள் வந்து நின்றால் எதிரே வருகிறவர்கள் சகுனம் சரியில்லையென்று வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தலைவருக்குச் சபை ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தியது. ரோஜாமாலை போட்டு, 'வடதிசை வென்ற வீரர்' என்ற பட்டத்தை நான் வாசித்து வழங்கினேன். கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டத்தின் பின்னால் கைலாசம் பிள்ளை எழுந்து நின்றார்.

"நான் சண்டைக்கு வரல" என்றார். "எம் மக ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. வண்டி நிக்காமப் போச்சா, இல்ல இவரு நிறுத்தாமப் போனாரா? ரெண்டுல எதுன்னு சபையில எழுதிக் குடுத்தாப் போதும். பொண்ணு மேல தப்பு இல்லன்னு நாலு பேருட்ட காட்டிக்கிடுவேன். எங்கயாவது ஒரு இடத்துல கட்டிக் குடுத்துருவேன்."

நியாயமான விண்ணப்பம். சபை உடனே விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.

"வண்டி நிக்கலன்னு எழுதினா நூதன சாதனங்களுக்கே இழுக்கு" என்றார் ஒருவர்.

"தலைவர் நிறுத்தலன்னு எழுதினா தலைவருக்கு இழுக்கு" என்றார் இன்னொருவர்.

"ஜாதகத்துல ஏதாவது இருக்குமோ?" என்று மூன்றாமவர் பைய ஆரம்பித்தார்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட ஆசிரியர் ஞானசிகாமணி எழுந்தார். கிறிஸ்தவர், எதையும் ஆராய்ந்து பேசுகிறவர். "எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது" என்றார். "ஆனாலும் அது பெண்ணுடைய ஜாதகம் என்கிறபடியால் நான் எதிர்க்கவில்லை."

அறிவு ஒன்றையே தெய்வமாகக் கொண்ட எங்கள் சபை, 'மேற்படி வாகனம் நிற்காமற் போனதற்கு மணப்பெண்ணின் கிரக நிலையே காரணம்' என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு நானே கைலாசம் பிள்ளையிடம் கொடுத்தேன். நகலுக்குச் சபை கட்டணம் வாங்கவில்லை.

அவர் அதை எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப மணையில இருந்துக்கிட்டே எம் மகதான் வண்டியச் சாத்தூர் வரைக்கும் ஓட்டியிருக்கா" என்றார். "இந்த மாலைய நீங்க அவ கழுத்துலல்லாய்யா போட்டிருக்கணும்."

பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லை. மாலை வாடுவதற்குள் போட்டோ எடுத்தாக வேண்டும். கைலாசம் பிள்ளை படியிறங்கிப் போகும்போது நாங்கள் வண்டியைச் சுற்றி வரிசையாக நின்றோம். படம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒருவர் முகத்திலும் வெட்கம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.