ஜெபித்துவிட்டுச் சொல்கிறவர்

உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்தப் போகிறேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறவர் என்று பெயர். கோயமுத்தூரில் எந்தச் சபைக்குள் நுழைந்தாலும் முன் பெஞ்சில், மின்விசிறிக்கு நேர் கீழே, இவர்களில் ஒருவராவது அகப்படுவார். அவ்வளவு தூரம் அலைய முடியாதவர்கள் போத்தனூரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். திறக்கிறவர்தான். பெயர் ஏசுவடியான், பம்ப்செட் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவரே.

எங்கள் இனத்தை எப்படி அடையாளம் காண்பது? நாங்கள் யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டோம். அதெல்லாம் உலகத்தார் பேச்சு. என்ன கேட்டாலும் கண்ணைப் பாதி மூடி, நெஞ்சில் கை வைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, "ஜெபிச்சுட்டுச் சொல்றேனுங்க" என்போம். கேட்டவர் உருகிப்போவார். தன் காரியத்தை ஒரு மனிதர் நேராகக் கர்த்தருடைய சமூகத்துக்கே எடுத்துப்போகிறார் என்றால் யாருக்குத்தான் உருகாது? ஒரு வாரம் கழித்து ஞாபகப்படுத்தினால், இன்னும் பதில் வரவில்லை என்போம். மறுபடியும் வந்து நின்றால், மனசில் சமாதானம் இல்லை என்போம். அதற்கு மேல் என்னிடம் கேட்டு என்ன பயன்? காரியம் மேலிடத்தில் அல்லவா கிடக்கிறது.

எல்லாவற்றுக்கும் இப்படி நாள் கணக்காகக் காத்திருப்போம் என்று நினைத்துவிடாதீர்கள். காந்திபுரத்தில் டிவி வாங்கப் போனபோது, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று கடைக்காரர் சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்குப் பதில் வந்துவிட்டது. மகனுக்குப் பார்த்த பெண், அவர்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று தெரிந்ததும் என் இருதயத்தில் இறங்கிய சமாதானத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் சபைக் கழிப்பறையை முறை வைத்துக் கழுவலாமா என்று எங்கள் போதகர் ஐயர் கேட்ட அன்று வானம் வெண்கலமாகிவிட்டது. எத்தனை ஜெபித்தும் ஒரு சத்தமும் இல்லை.

இப்படி எனக்கும் ஆண்டவருக்கும் ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் அன்புச்செல்வி வந்தாள்.

என் மனைவி டெய்சி மாதாமாதம் சுகர் பார்க்கப் போகும் லேபில் ரத்தம் எடுக்கிறவள் அவள். வலியே தெரியாது என்று டெய்சி சொல்வாள். கட்டியவன் மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம். குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததால் அடிக்கிறவன். மகள் ரித்திகாவையும் அடிக்கத் தொடங்கியதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் வந்துவிட்டாள். தங்கியிருந்த வீட்டில் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்கள் மாடி காலியாக இருப்பதை டெய்சிதான் அவளிடம் சொன்னாள். வீடு பார்த்த இடத்திலெல்லாம் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கிறார்களாம். கிடைக்காவிட்டால் அவனிடமே திரும்புவதைத் தவிர வழியில்லை என்று, கேட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை எங்கள் செம்பருத்தியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கண்ணைப் பாதி மூடினேன். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் அம்மணி."

என் சங்கடத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். அடுத்த மாதம் சபைக் கமிட்டித் தேர்தல். செயலாளர் பதவிக்கு நானும் ஜெரால்டும் நிற்கிறோம். புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு ஏசுவடியான் மாடியைக் கொடுத்துவிட்டார் என்று ஜெரால்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது உக்கடம் தாண்டுவதற்குள் நாலு வார்த்தையாகிவிடும். கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படலாமா? என் நாமத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

ஆனாலும் முறையாகத்தான் செய்தேன். எங்கள் வீட்டில் வாக்குத்தத்தப் பெட்டி ஒன்று உண்டு. உள்ளே வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். ஜெபம் பண்ணி, கண்ணை மூடி, ஒன்றை எடுத்தால் நமக்கான வார்த்தை. எடுத்தேன். அந்நியரை வீட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வசனம் வந்தது. பெட்டியைச் சரியாகக் குலுக்கவில்லை போலிருக்கிறது. நன்றாகக் குலுக்கி மறுபடி எடுத்தேன். திக்கற்ற பிள்ளைகளைப் பற்றி ஏதோ வந்தது. இது பொதுவான வசனம், எல்லோருக்கும் பொருந்தும் என்று உள்ளே போட்டேன். பிறகு ஒருவழியாகக் கர்த்தருக்குக் காத்திருக்கச் சொல்லும் அட்டை வந்தது. எவ்வளவு தெளிவான பதில் பாருங்கள். அதை எடுத்து டெய்சியிடமும் காட்டினேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

அன்புச்செல்வி வாரா வாரம் வந்தாள். நானும் வாரா வாரம் காத்திருந்தேன். மாதம் முடிந்ததும் வருவது நின்றுவிட்டது.

அடுத்த முறை டெய்சிக்கு ரத்தம் எடுத்தது வேறு யாரோ. கை கன்றிப்போய் வீடு திரும்பினாள். அன்புச்செல்வி வேலையை விட்டுவிட்டு மேட்டுப்பாளையத்துக்கே போய்விட்டாளாம். கேட்டவுடன் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியது சமாதானம். பிரிந்திருந்த குடும்பம் சேர்ந்துவிட்டது! இதற்காக அல்லவா கர்த்தர் என்னைக் காக்க வைத்தார்?

அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். பெயர் சொல்லாமல், பிரிந்துபோன ஒரு குடும்பத்துக்காக நானும் என் மனைவியும் பாரத்தோடு ஜெபித்ததையும், அவசரப்படாமல் அவருடைய வேளைக்காகக் காத்திருந்ததையும், அவர்கள் ஒன்றுசேர்ந்ததையும் குரல் தழுதழுக்கச் சொன்னேன். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. ஜெரால்டுகூட வேண்டாவெறுப்பாகச் சொன்னார். பெண்கள் பக்கம் பார்த்தேன். டெய்சி தலையைக் குனிந்துகொண்டு கன்றிய கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். நான் கை கழுவி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, கர்த்தர் இன்னும் பேசலை, பேசலைன்னீங்களே. அவருதானுங்க நம்ம கேட்டுல வந்து நின்னு வீடு கேட்டது. நீங்க அவருகிட்டயே ஜெபிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லி அனுப்பிப்போட்டீங்க."

முப்பது வருஷமாகப் பிரசங்கம் கேட்கிறேன். எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு இப்படி வியர்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. துண்டை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தேன்.

இன்று காலை டெய்சி சேலை மாற்றி, மாடிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மேட்டுப்பாளையம் போய்விட்டு வருவதாகச் சொன்னாள். லேபில் விலாசம் வாங்கி வைத்திருக்கிறாள். பழக்கதோஷம், என் வாய் தானாகத் திறந்தது.

"ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டுப் போலாமே டெய்சி."

"பஸ்ஸுல ஜெபிச்சுக்கறேனுங்க" என்று செருப்பை மாட்டினாள்.

அவள் ஒருத்தியாகத் திரும்புவாளா, மூன்று பேராக வருவார்களா, தெரியாது. அந்தப் பெண் இனி எங்களை நம்பி வர வேண்டுமே. விஷயம் சாயங்காலத்துக்குள் ஜெரால்டுக்குத் தெரிந்துவிடும். நான் துடைப்பத்தோடு மாடிப்படியில் நிற்கிறேன். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் இன்னும் ஜெபிக்கவில்லை. ஜெபித்தால் மறுபடியும் காத்திருக்கச் சொல்லும் பதிலையே வாங்கிவிடுவேனோ என்று என்னைப் பற்றித்தான் பயமாக இருக்கிறது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். இது சபைக்காரர்கள் வியாதி, நமக்கு வராது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் நாள் பார்த்துச் சொல்கிறவராக இருக்கலாம், வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறவராக இருக்கலாம், சாமியே இல்லை என்று சொல்லிவிட்டு நாலும் யோசித்துச் சொல்கிறவராகவும் இருக்கலாம். உங்கள் பதிலுக்காக இந்நேரம் யாராவது எங்காவது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா? ஞாபகமில்லையா? அப்படியானால் கூச்சப்படாமல் வாருங்கள், முன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன்.