சிவப்புப் பெருக்கல் குறி

திரையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி நின்றுகொண்டிருந்தது. நேற்று மூன்றே முக்காலுக்கு வந்தது, இன்று காலை பத்து மணியாகியும் நகரவில்லை.

"ஏழு வருஷமா இந்தப் பெருக்கல் குறியோடதான் சார் குடும்பம் நடத்துறேன்" என்றாள் தண்ணீர் வாரியப் பதிவாளர்.

மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நுழைத்திருந்தான். பழைய கம்ப்யூட்டர்களை மட்டுமே கட்டிக்கொண்டு அழுகிறவன் என்பதால் ஊரில் அவனுக்குப் 'பழசு' என்று பெயர். அதில் அவனுக்கு வருத்தமே இல்லை. இருபத்திரண்டு வயதுக் கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் மூச்சு விடுவதைப் பார்த்தாலே அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

"என்ன உழைப்பு மேடம்! இதைச் செஞ்சவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றான், தலையை வெளியே எடுத்து. மூக்கு நுனியில் தூசி.

நகரத்தின் நாற்பது தண்ணீர்த் தொட்டிகளிலிருந்தும் அந்த அறைக்கு ஒயர்கள் வருகின்றன. தொட்டிக்கு மூன்று எண்கள். மூன்றே முக்காலுக்கு அந்த நூற்றிருபது எண்களையும் கம்ப்யூட்டர் ஒரு ஃபைலாகக் கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 'கிடைத்தது' என்று அங்கிருந்து தானாக ஒரு ஈமெயில் திரும்பி வர வேண்டும். வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு.

"ஃபைல் அங்க போய்ச் சேருதா, இல்லையா?"

"எங்க சேருது? தினமும் நாலு மணிக்குத் தலைமை ஆபீஸுக்கு ஃபோன் போட்டுக் கேக்கிறேன். 'வரலையே மேடம், படிங்க'ம்பார் அங்க இருக்கிறவர். நூத்திருபது நம்பரும் வாயாலதான் படிக்கிறேன்."

"நூத்திருபதுமா? ஏழு வருஷமா?"

"ஒரு தப்பு வந்ததில்ல. நான் சறுக்கினாலும் அவர் விடமாட்டார். போன மாசம் எழுபத்தெட்டுன்னு படிச்சுட்டேன். 'எண்பத்தேழா இருக்குமோ மேடம்'னார். பார்த்தா எண்பத்தேழுதான்! அங்க உக்காந்துக்கிட்டே இங்க இருக்கிற தப்பைப் பிடிக்கிறார். என்ன மூளை சார் அது!"

பேர் சொல்லவில்லை. 'அவர்' என்றுதான் சொன்னாள். சொல்லும்போது புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ரிப்பேர் பண்ணச் சொல்லி அவர் மேலே எழுதலையா?"

"ஏழு வருஷமா எழுதிக்கிட்டே இருக்கார், பாவம். மேலே ஒருத்தரும் கண்டுக்கல."

இப்போது கண்டுகொண்டுவிட்டார்கள். தலைமை அலுவலகத்துக்கு வந்த புது அதிகாரியின் கடிதம் மேசையில் கிடந்தது. இன்று ஐந்து மணிக்குள் ஃபைல் கம்ப்யூட்டர் வழியாக வந்தாக வேண்டும். வராவிட்டால் அறைக்குப் பூட்டு, பதிவாளருக்கு மலையடிவாரக் கிளைக்கு மாற்றல்.

"பஸ் கிடையாதாம், அது கூடப் பரவாயில்ல" என்றாள். கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "ஃபோனும் கிடையாதாம் சார்."

மெக்கானிக்கின் மனம் இளகிவிட்டது. இப்படி ஒரு மனுஷி, இப்படி ஒரு இயந்திரம். இரண்டையும் காப்பாற்றாமல் இந்த அறையை விட்டுப் போவதில்லை என்று முடிவுகட்டினான்.

முதல் காரியமாகக் கம்ப்யூட்டர் வட்டில் இருந்த எல்லாவற்றையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துப் பையில் பத்திரப்படுத்தினான். அந்த விஷயத்தில் அவன் கில்லாடி. அப்புறம்தான் கை வைத்தான்.

கோளாறைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. ஈமெயில் மென்பொருள் அரதப்பழசு. ஈமெயிலை வாங்க அது பாஸ்வேர்டு சொல்லும் விதத்தை இப்போதைய சர்வர் காதில் வாங்குவதே இல்லை. சற்றே புதிய மென்பொருளைப் போட்டான். அது கம்ப்யூட்டரின் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அரை நிமிஷம் யோசித்துவிட்டு நகர்ந்தது.

"முன்ன இதைவிட வேகமா இருந்துச்சே?" என்றாள் பதிவாளர், தயங்கித் தயங்கி.

"இதோ, ஒரு நிமிஷம் மேடம்."

அடுத்து அவன் கண்ணில் பட்டது கடிகாரம். கம்ப்யூட்டரில் தேதி பதினைந்து வருஷம் பின்னால் இருந்தது. 'அட, இதுதானா சங்கதி! தேதி தப்பா இருந்தா சர்வர் எப்படி நம்பும்?' உற்சாகமாகத் தேதியைத் திருத்தினான்.

அவ்வளவுதான். ஃபைல் அனுப்பும் மென்பொருள் தன் உரிமக் காலம் பதினான்கு வருஷத்துக்கு முன்பே முடிந்துவிட்டதைக் கண்டுகொண்டது. நன்றி தெரிவித்துவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. தேதியைப் பழையபடி மாற்றிப் பார்த்தான், ஏமாறவில்லை. வேண்டுமென்றே தேதியைப் பின்னால் நிறுத்திவைத்த அந்த முகம் தெரியாத ஆளை நினைத்து மெக்கானிக் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

மணி இரண்டரை. சாமான் அறையிலிருந்து இன்னொரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்தார்கள். அதற்கு ஒயர் பொருந்தவில்லை. முதல் கம்ப்யூட்டரில் ஒயர் மாட்டும் கார்டைப் பிடுங்கி இரண்டாவதில் செருகினான். இரண்டாவது ஒரு முறை 'கீ' என்று கத்திவிட்டு அடங்கியது. கார்டைத் திரும்ப முதலாவதில் செருகினால், அதுவும் கத்திவிட்டு அடங்கியது.

மூன்றே முக்கால் வந்தது, போயிற்று. முதல்முறையாகத் திரையில் சிவப்புக் குறி கூட இல்லை.

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மன்னிச்சுடுங்க மேடம். நகல் பையில இருக்கு. கார்டைத் துடைச்சு, அதைப் போட்டா இருபது நிமிஷத்துல பழையபடி ஆயிடும். ஆனா என்ன பிரயோஜனம்? பழையபடி அதே சிவப்புதான் வரும்."

அவள் கோபிக்கவில்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"நீங்க என்ன சார் பண்ணுவீங்க, சாப்பிடக்கூட இல்லையே" என்றாள். சுவர் மின்பலகையில் தொட்டிகளின் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் செத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நாற்பது தொட்டிகளையும் நிதானமாக நோட்டில் எழுதி முடித்தபோது மணி நாலு. "கடைசி நாள். ஒழுங்கா படிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்."

தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஃபோனில் எண்ணை அழுத்தினாள். நோட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது வேறு குரல்.

"அவர் இல்லீங்களா?" அவள் முகம் வாடிவிட்டது.

"நான் ஆபீஸ் பியூன்மா. அவரு அதிகாரி ரூம்ல நிக்கிறாரு. 'இதோ வந்துடும் சார், இதோ வந்துடும்'னு கால் மணி நேரமா வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறாரு."

"என்ன வந்துடும்?" என்று தரையிலிருந்தே கேட்டான் மெக்கானிக்.

அவளுக்கு அது காதில் விழவில்லை. "சரி, நான் நம்பரைப் படிக்கிறேன். நீங்க கொஞ்சம் எழுதிக்கிறீங்களா?"

"எழுதவா? எதுக்கும்மா எழுதணும்? தினமும் மூணே முக்காலுக்கு ஃபைல் டாண்ணு வந்துடும், நான்தான் பிரிண்ட் எடுத்து அவர் கையில கொடுப்பேன், அதைப் பார்த்துக்கிட்டேதான் உங்ககிட்ட 'வரலையே மேடம், படிங்க'ன்னு சொல்வாரு, ஏழு வருஷத்துல இன்னிக்குத்தாம்மா நெஜமாவே வரல!"