கண் உருண்டால் எழுப்பாதே

இனி என் ஆயுளில் காலை ஆறு மணிக்கு முன்னால் கண் திறப்பதில்லை என்று எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபதம் செய்தேன். இடம், அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் சுலைமான் டீக்கடை பெஞ்சு. சாட்சி, ஒரு மசால்வடை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் மணவாளன். போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறேன். பிறவியிலேயே நிலைகொள்ளாதவன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடப்பேன். நடுவழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும். இப்படிப்பட்ட நானும் அசையாமல் கிடக்கிற இடம் ஒன்று உண்டு. பாய். அதிலும் காலை ஐந்திலிருந்து ஆறு வரை வருகிற தூக்கத்துக்கு என் சொத்தையே எழுதி வைக்கலாம். சொத்து இல்லை என்பது வேறு விஷயம்.

சரியாக அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வரும்.

எங்கள் வரிசையில் ஆறு குடித்தனம், ஒரு குழாய். முந்தின நாளே குடங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். குடம் இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. ஆனால் முறை வரும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிடுவார்கள். அதன் முறை மறுபடி வருவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். எங்கள் வீட்டுக்கு எட்டு நடை. எட்டும் என் தோளில். ஐந்து மணிக்கு என் மனைவி லோகநாயகி என்னை எழுப்புவாள். எழுப்புவாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாயை உருவுவாள். நான் தரையில் இருப்பேன்.

அன்றைக்கு வடையைத் தின்றுவிட்டுக் கை துடைக்கப் போன தாளில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது: ‘உறக்கம் பற்றிய புதிய கண்டுபிடிப்புகள்.’ ஏதோ வாரப் பத்திரிகையின் பாதிப் பக்கம். அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காரர்கள், தூங்குகிறவர்களின் நெற்றியில் கம்பி ஒட்டி விடிய விடிய முழித்திருந்து பார்த்தார்களாம். தூக்கத்தின் நடுவே மூடிய இமைக்குள் கண் இங்கும் அங்கும் உருளுமாம். அப்போதுதான் மனிதன் கனவு காண்கிறானாம். விடியப் போகிற நேரத்தில் அது அதிகமாம். அந்த நேரம் பார்த்துத் தினமும் எழுப்பினால் ஆள் எரிந்து விழுவானாம், கவனம் சிதறுமாம், நிலைகொள்ளாமல் தவிப்பானாம்.

நிலைகொள்ளாமல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் குணம் என்று எல்லோரும் திட்டினார்களே, அது குணமே இல்லை. வியாதி. அதைக் கொடுத்தவள் லோகநாயகி.

‘மேலும், அந்த நேரத்தில் உறங்குபவரின்’ என்கிற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கிழிந்தால் கிழியட்டும், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். நல்ல சேதியோடு வெறுங்கையாகப் போகக் கூடாது என்று சுலைமானிடம் நாலு வடை பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன்.

“இன்னாய்யா, வடையெல்லாம் வாங்கியாந்துகீற? இன்னா தப்பு பண்ண?” என்றாள் லோகநாயகி.

“தப்பு பண்ணிகினு கீறது நீ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து.”

தாளை விரித்துப் படித்துக் காட்டினேன். அவள் வடையைக் கடித்தபடி கேட்டாள்.

“அப்ப, கண்ணு உருண்டா எழுப்பக் கூடாது?”

“கூடவே கூடாது.”

“எழுப்புனா?”

“கவனம் செதறிப் போயி லேத்துல கைய வுட்டுருவேன்.”

“தண்ணி?”

“விஞ்ஞானத்துல தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“மீதித் தாளு எங்க?”

“அது எவன் வடையோட போச்சோ. முக்கியமானதெல்லாம் இதுலயே கீதுமே.”

அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். பொட்டலத் தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

“சரிய்யா. உன் ஒடம்புதான் முக்கியம். கண்ணு உருண்டா எழுப்ப மாட்டேன். நானே தூக்கியாரேன்.”

சண்டை இல்லாமல் லோகநாயகி ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டாள். நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் ஐந்து மணி. அவள் காலடி கேட்டதும் இமைக்குள் கண்ணை உருட்ட ஆரம்பித்தேன். இடது, வலது, இடது, வலது. அவள் குனிந்து பார்த்தாள். “பாவம், கனா காணுது” என்று குடத்தோடு போய்விட்டாள். ஆகா என்று புரண்டு படுத்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்றிய நேரம் மறுபடி காலடி. முதல் குடத்தை இறக்கிவிட்டு என் மேல் குனிந்தாள். ஈரச் சேலைத் தலைப்பு மூக்கில் சொட்டியது. உருட்டினேன். போனாள். இரண்டாம் குடம், குனிந்தாள், உருட்டினேன். எட்டுக் குடத்துக்கும் எட்டுத் தரம். நானே தண்ணீர் தூக்கியிருந்தால் இதைவிடக் கொஞ்சம் ஓய்வாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு எழுந்ததும் அடுத்த கேள்வி.

“இன்னா கனா கண்ட?”

“கனாவா?”

“கண்ணு அந்த உருளு உருண்டுச்சே. சும்மாவா உருளும்?”

கேட்ட அவசரத்தில், அவள் மனம் குளிரட்டும் என்று, “உங்கம்மா வந்தாங்க. மல்லிப்பூ வச்சிகினு சிரிச்சிகினே வந்தாங்க” என்று அடித்துவிட்டேன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளையும் எதிர்வீட்டுக் கன்னியம்மாளையும் கூட்டி வந்துவிட்டாள். மூன்று பேரும் என் தலைமாட்டில் நின்றார்கள்.

“யக்கா, இன்னா இது, கோலிகுண்டாட்டம் உருளுது?”

“அமெரிக்கால கண்டுபுடிச்சிகீறாங்கோ. இப்ப எழுப்புனா ஆளு கெட்டுப்பூடுவானாம்.”

“இனிமே கெடறதுக்கு இன்னாக்கா கீது?”

சிரிப்பு. என் மூக்கின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. சிரிக்கவும் முடியாது, ஈயையும் ஓட்ட முடியாது, பதிலும் சொல்ல முடியாது. என் வீட்டில், என் பாயில், ஒரு மனிதன் இப்படி அவமானப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஆறு மணிக்குக் கனவு கேட்டாள். புதுசாக யோசிக்கத் தெம்பில்லை. மாமியாரையே மறுபடி வரவழைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அவர்தான்.

“மூணு நாளா எங்கம்மாவே வருதா? உனுக்கு அது மேல இவ்ளோ பாசமாய்யா?” என்று லோகநாயகி அன்றைக்கே நெமிலிச்சேரியில் இருக்கிற அம்மாவுக்குக் கார்டு போட்டாள். வியாழக்கிழமை மாமியார் சொர்ணம் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். எட்டு நடை பன்னிரண்டு நடை ஆயிற்று. பன்னிரண்டு தரம் கண்ணை உருட்ட வேண்டியதாயிற்று.

அந்த வாரம் முழுக்க நான் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. பத்திரிகையில் போட்டிருந்த அத்தனையும் எனக்கு வந்துவிட்டது. டிபன் டப்பாவோடு சண்டை போட்டேன். மிஷினில் நின்றபடியே சாமியாடினேன். ஃபோர்மேன் தேவராஜ் என் போல்ட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மணவாளா, நான் போல்ட்டு கேட்டா நீ ஆணி செஞ்சி குடுக்கற. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சி, ஊட்டுக்கு அனுப்பிடுவேன்.”

வீட்டுக்கா? நான் நடுங்கிப் போனேன்.

சனிக்கிழமை காலை. வழக்கம்போல உருட்டிக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் வலது கை மெல்ல மேலே எழுந்தது. நான் எழுப்பவில்லை. லோகநாயகி மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, என் முகத்துக்கு நேர் மேலே நிறுத்தி, விட்டுவிட்டாள்.

என்னதான் கெட்டிக்காரனாக இருந்தாலும் சொந்த மூக்கை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? கை அந்தரத்தில் ஒரு கணம் யோசித்தது. பிறகு மூக்கைச் சுற்றிக்கொண்டு தலையணை ஓரம் பதமாக இறங்கிப் படுத்தது.

மறுபடி தூக்கினாள். மறுபடி சுற்றிக்கொண்டு போனது. மூன்றாம் தரமும்.

“பாத்தியாம்மா?”

“பாத்தேன்டி” என்றது மாமியார் குரல். “மரியாதி தெரிஞ்ச கையி.”

“எழுந்திருய்யா, விஞ்ஞானி.”

கண் திறந்தேன். லோகநாயகி எண்ணெய் ஊறிய ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேல் ஓரம் கிழிந்திருந்தது. என் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து அதன் தலையில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. சுலைமான் ஒரே பக்கத்தை இரண்டாகக் கிழித்து, பாதியில் எனக்கு வடை கொடுத்து, மீதியில் அவளுக்குப் பொட்டலம் கட்டியிருக்கிறான். வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

“‘உறங்குபவரின் கை, கால், கழுத்துத் தசைகள் முற்றிலும் தளர்ந்துவிடும்’” என்று எழுத்துக் கூட்டாமல் படித்தாள். “கண்ணு மட்டுந்தான் ஆடும், மத்ததெல்லாம் ஈரத் துணியாட்டம் தொவண்டு கெடக்கும்ன்றான். உன் கை இன்னாடான்னா மூக்குக்கு வழி வுட்டு எறங்குது.”

“அப்ப மொத நாளே உனுக்குத் தெரியுமா?”

“வடை துன்னு முடிக்கசொல்லவே தெரியும்.”

“அப்புறம் இன்னாத்துக்குமே ஆறு நாளு சும்மா இருந்த?”

“ஆராய்ச்சின்னா ஒரே நாள்ல முடிவு சொல்லிருவாங்களா? ஒரு வாரமாச்சும் பாக்க வாணாமா? சாட்சி வாணாமா? அதான் அம்மாவ வரச் சொன்னேன்.” தாளை மடித்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. “நீ நெசமா தூங்கியிருந்தா நா தூக்கறதுல கஷ்டமில்லய்யா. முழிச்சிகினே படுத்துகினு, நா தூக்கறத கேட்டுகினே கெடந்த பாரு.”

வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்து குழாயடிக்குப் போனேன். வேம்புலியம்மாளும் கன்னியம்மாளும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். அதில் எந்த மரியாதையும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. ஐந்து மணிக்கு யாரும் பாயை உருவவில்லை. நானாகவே விழித்துக்கொண்டேன். வெளியே குழாய் இருமும் சத்தம். எங்கள் குடத்தின் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் லோகநாயகி மல்லாந்து கிடந்தாள். மூடிய இமைக்குள் கண் உருண்டது. இடது, வலது, இடது, வலது. அதற்கப்பால் மாமியார். அங்கேயும் உருண்டது.

நிஜமா, நடிப்பா? கண்டுபிடிக்கிற வித்தை இப்போது எனக்கும் தெரியும். மெதுவாகக் குனிந்து லோகநாயகியின் வளையல் கையைத் தொட்டேன்.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அவள் முழித்திருந்தால், தூக்கிவிட்ட அந்தக் கை யார் முகத்தில் வந்து விழும்? தாளின் மேல் பாதியிலும் அது இல்லை, கீழ்ப் பாதியிலும் இல்லை.

கையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினேன்.