நான் முழங்காலிட்டதும் ஓடியவர்கள்

ஜெப வாழ்க்கை மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அது திங்கட்கிழமை ஆரம்பித்து செவ்வாய்க்கிழமை முடிந்துவிடும். (புதன் வரை இழுத்த வாரங்களும் உண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை.)

காலையில் ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் குக்கர் விசில் அடிக்கும். எத்தனையாவது விசில் என்ற கவலை ஆண்டவரை முந்திக்கொள்ளும். ஆமென் சொல்வதற்குள் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். ராத்திரி முழங்காலில் நின்றால் அப்படியே கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிப்போவேன். மிச்சத்தைப் படுத்துக்கொண்டே சொல், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று என் வீட்டுக்காரர் எழுப்பிவிடுவார்.

அப்போதுதான் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ஷெட்டுக்கு என்னை சூப்பர்வைசராகப் போட்டிருந்தார்கள். வேலை புதுசு, தீபாவளி சீசன் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், இருக்கிற இடத்திலேயே, செய்கிற வேலைக்கு நடுவிலேயே கொஞ்ச நேரம் முழங்காலிட்டால் போதும் என்று பிரசங்கம் செய்தார். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. இதையும் கோட்டை விட்டால் நான் கிறிஸ்தவள் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமே இல்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது.

பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த அன்றே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். யாராவது திடீரென்று விழுந்தாலோ, கத்தினாலோ, ஓடினாலோ, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. போட்டது போட்டபடி வெளியே ஓட வேண்டும். ஷெட்டில் இருந்த பெண்களுக்குத் தினமும் காலையில் அதை ஒப்பித்தவளே நான்தான். (புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள். வைராக்கியத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.)

திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எல்லாரும் குனிந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணை மூடி, சிமெண்டுத் தரையில் பொத்தென்று விழுந்து, சத்தமாகவே ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, எங்களைக் காப்பாத்தும்."

தடதடவென்று ஏதோ சத்தம் கேட்டது. கவனத்தைக் கலைக்கப் பிசாசு பார்க்கிறான் என்று கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன். அதன்பிறகு வந்ததே ஒரு அமைதி! என் ஆயுசில் அப்படி ஒரு அமைதியில் ஜெபித்ததில்லை. உருகிவிட்டேன். கண்ணீரே வந்துவிட்டது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஷெட்டில் ஈ காக்கை இல்லை. பசை வாளி கவிழ்ந்து கிடந்தது. எங்கேயோ பற்றிக்கொண்டது என்று நினைத்துவிட்டேன். நானும் கத்திக்கொண்டே வெளியே ஓடினேன்.

வெளியே மொத்தக் கம்பெனியும் நின்றது. எங்கள் ஷெட் ஓடியதைப் பார்த்துப் பக்கத்து ஷெட், அதைப் பார்த்து அடுத்தது, லோடு ஏற்ற வந்த லாரி டிரைவர் உட்பட. ஃபோர்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி மணல் வாளியோடு, எந்த ரூம், எந்த ரூம் என்று அலைந்துகொண்டிருந்தார். ஆளுக்கொரு பக்கம் கைகாட்டி, கடைசியில் எல்லாக் கையும் என்னிடம் வந்து நின்றது. நான் செத்தே போய்விட்டேன் என்று அழுதுகொண்டிருந்த, எங்கள் ஷெட் மாரியம்மா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குக்கா விழுந்தீக?"

"ஜெபம் பண்ணேன்."

இப்போது வந்த அமைதி முன்பு வந்தது மாதிரி இல்லை.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து முழுக்கதையும் கேட்டார். சாமி கும்பிடுவதைத் தடுத்த பாவம் தனக்கு வேண்டாம் என்றார். ஆனால் இனி நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபிக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிட்டு என்று உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியம், ஜெபம் பண்ணப் போகிறேன், யாரும் ஓடாதீர்கள் என்று அறிவிப்பு கொடுக்கிறேன். நான் மறந்தாலும் ஷெட்டுப் பெண்கள் விடுவதில்லை. எந்த நேரத்தில் விழுவேனோ என்ற பயத்தில் அவர்களுக்கு வேலை ஓடாதாம். சீக்கிரம் முடித்துத் தொலைக்கச் சொல்லி மாரியம்மாவே நாற்காலியை இழுத்துப் போடுவாள். என் விசுவாசத்தால் ஆகாதது அவர்கள் பயத்தால் ஆயிற்று. (வீட்டில் நான் முழங்காலிட்டால் என் மகன் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைக்கிறான்.)

போன மாதம் மாரியம்மாவின் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல் என்று ஆபீஸ் போனுக்குத் தகவல் வந்தது. (தாயும் பிள்ளையும் இப்போது நலம், பயப்படாதீர்கள்.) ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வரும்வரை அவள் நிலைகொள்ளாமல் நின்றாள். நான் அறிவிப்பு கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள்.

"இன்னைக்கு விழுந்தே கேளுங்கக்கா. நாங்க ஓட மாட்டோம்."

விழுந்தேன். ஒருவரும் ஓடவில்லை. ஃபோர்மேன் அண்ணாச்சி மட்டும் வாசலை ஒட்டி நின்றுகொண்டார்.