மூன்று மாதச் சுண்ணாம்பு வைத்தியம்

உயிரே போனாலும் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை என்று ஈஸ்வரன் சபதம் எடுத்தது முதல் நாள், முதல் வாயிலேயே. பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர் அவர். வீட்டில் மேய்க்கப்படுகிறவர்.

அவருக்கு நெஞ்செரிச்சல். பரோட்டாவும் சால்னாவும் உள்ளே போனால் விடிய விடிய ஏப்பம் ஏலம் விடும். மனைவி வேலுத்தாய் எஸ்டேட் நர்சரியில் நாற்றுக்கு மண் பார்க்கிறவள். மண்ணைப் பார்த்த கண்ணாலேயே புருஷன் வயிற்றையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஒங்க வயித்துல புளிப்பு ஏறிப்போச்சு. சுண்ணாம்புத் தெளிவுதான் மருந்து. அது காரம்."

"எரியிற வயித்துக்குக் காரமா?"

"மொளகாக் காரம் இல்லங்க. புளிப்ப முறிக்கிற காரம். மூணு மாசம், காலைல ஒரு டம்ளர். விடாமக் குடிச்சாத்தான் சதீஷ் வீட்டுக் காதுகுத்துக்கு விடுவேன்."

சதீஷ் அவருடைய பழைய கூட்டாளி. போடியில் மகளுக்குக் காதுகுத்து; மூன்று கிடா வெட்டுகிறான். நெஞ்சு எரியட்டும், ஊரே எரியட்டும், அந்தப் பந்தியில் ஈஸ்வரன் உட்கார்ந்தே ஆகவேண்டும்.

வேலுத்தாய் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போவாள். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஹைட்ராஞ்சியாச் செடி, பந்து பந்தாய் நீலப் பூவோடு நிற்கும். ஈஸ்வரன் கையை நீட்டுவார், ஊற்றுவார், வாயைத் துடைத்துக்கொள்வார். காய்ச்சலில் படுத்த அன்றுகூட எழுந்து வந்து ஊற்றினார்.

"குடிச்சாச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

டம்ளரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை.

மூன்றாம் மாதம் புது மொக்கெல்லாம் ரோஸ் நிறத்தில் விரிந்தது. அடுத்த வீட்டுக் கத்தரீனாள் வாயைப் பிளந்தாள். "எங்கிட்ட எல்லாம் நீலமாத்தாண்ணே பூக்குது. ஒங்களுக்கு மட்டும் எப்படி?"

"கைராசிம்மா," என்றார் ஈஸ்வரன், மார்பு ரெண்டு அங்குலம் விரிய.

காதுகுத்து அன்று வெள்ளை வேட்டி, சென்ட் சகிதம் வந்து நின்றார். "மருந்து முடிஞ்சிருச்சு. நெஞ்சு குளுகுளுன்னு இருக்கு. கெளம்பட்டா?"

வேலுத்தாய் பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "நம்ம மலை மண்ணு புளிப்பு மண்ணு. அதுல இந்தப் பூ நீலமாத்தான் பூக்கும். சுண்ணாம்பு எறங்குனா ரோஸாயிரும்."

அந்தக் குளிரிலும் ஈஸ்வரனுக்கு வேர்த்தது. "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ரோஸ் பூ வேணும், தெனமும் செடிக்குச் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துங்கன்னு சொல்லியிருந்தா ஊத்தியிருப்பீங்களா? வாழைக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தச் சொல்லி நாலு வருசமாச்சு."

"நா நெசமாவே குடிச்சிருந்தா?"

"நீங்களா?"

அந்த ஒரு வார்த்தையில் இருபத்தாறு வருஷத் தாம்பத்தியம் இருந்தது. ஈஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வேலு, மூணு கிடா."

"குடிச்சவங்களுக்குத்தான் விருந்துன்னு சொன்னேன்ல? குடிச்சது இதுதான்." பறித்துக் கட்டிவைத்திருந்த ரோஸ் பூக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போடி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். ஜீப் நகரும்போது தலையை வெளியே நீட்டினாள்.

"அடுப்புல கஞ்சி இருக்குங்க. டம்ளரும் ரெடியா இருக்கு. வாசப்பக்கத்துச் செடி இன்னும் நீலமாத்தான் நிக்குது."