பெர்சிடாவுக்கு ஒரு கப்பல்

டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிளகோயே, அடுக்களைச் சுவரில் தொங்கிய தேவாலயக் காலண்டரைத் தற்செயலாகப் பார்த்தார். அக்டோபர் முப்பத்தொன்று சிவப்பு எழுத்தில் இருந்தது. புனித லூக்கா திருநாள். அவர்கள் வீட்டுக் குலசாமி நாள்.

"போச்சு" என்றார் காலண்டரிடம்.

கப்பல் கிளம்புவதும் அன்றைக்குத்தான். தான்யூப் ஆற்றில் பெல்கிரேடு, புடாபெஸ்ட், வியன்னா என்று கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தபடி போகிற வெள்ளைக் கப்பல். இந்த வருஷத்தின் கடைசிப் பயணம். குலசாமி நாளில் மெழுகுவத்தி ஏற்றி, ராக்கியாச் சாராயம் ஊற்றிக் குடிப்பதைத் தவிர பிளகோயே ஒரு துரும்பையும் நகர்த்தியதில்லை. சமையல், சாமான் கழுவுவது, தேதியை ஞாபகம் வைப்பது எல்லாமே மனைவி பெர்சிடாவின் பாடு. அதனால் டிக்கெட் கடைப் பெண் தேதி சொன்னபோது அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அணையில் கப்பல்களுக்குக் கதவு திறந்துவிடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊர் உலகத்துக் கப்பலுக்கெல்லாம் வழி விட்டவர், ஒன்றில்கூட ஏறியதில்லை. கல்யாணமான புதிதில், "ஒரு நாள் உன்னை இதுல கூட்டிட்டுப் போறேன்" என்று பெர்சிடாவிடம் சொல்லியிருந்தார். அவளும் வருஷா வருஷம் கேட்டுப் பார்த்தாள். "தெனம் அந்தத் தண்ணியைத்தான பாக்குறேன், லீவுலயும் அதேவா?" என்பார். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். செப்டம்பர் வந்தால் நோவி சாட்டிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டு விழுது கிண்டிக்கொண்டு வருவாள். அடுப்பு அனலில் மூக்கெல்லாம் சிவந்துபோய்த் திரும்புவாள், பாவம்.

முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியைப் புதைத்துவிட்டு, "கடலைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே, நான் கூட்டிட்டுப் போகலையே" என்று குழிமேட்டில் உட்கார்ந்து அழுதார். அன்று பிளகோயே வீடு திரும்பியபோது, பெர்சிடா சன்னலில் நின்று ஆற்றில் போன கப்பலுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் இந்தப் பெண்ணைச் சன்னலிலேயே நிற்க வைத்துவிட்டோமே என்று மறுநாளே டிக்கெட் கடைக்குப் போனார். அவளுக்குத் தெரியாமல்தான். கடைசி நிமிஷத்தில் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

இப்போது குலசாமி குறுக்கே வந்து நின்றார். குலசாமி விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. அவரவரே வருவார்கள், வீடு கொள்ளாமல் வருவார்கள். அழைக்காதவர்களிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? குலசாமியை விட்டுவிட்டுக் கப்பலில் போகிறேன் என்று சொன்னால் காறித் துப்புவார்கள்.

கல்யாணத்தில் அவருக்குச் சாட்சி நின்ற வுகாஷினைப் போய்ப் பார்த்தார்.

"இந்த வருஷம் விருந்து வேணாம்னு நெனைக்கிறேன். பெர்சிடாவுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஐயோ! என்னடா ஒடம்புக்கு?"

பிளகோயே இதற்குப் பதில் யோசித்து வரவில்லை. "அது... வெளிய சொல்ல வேணாம்னு டாக்டர் சொன்னார்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு காப்பிப் பொட்டலமும் பழச்சாறுமாக. நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அவர்கள் ஊரான கிளாடோவோவில் இல்லை. நோயாளி கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"கோடாலியைக் கீழ வை பெர்சிடா! நாங்க வெட்டித் தர்றோம்!"

"ஏன், எனக்கு என்ன கேடு?"

பிளகோயே ஓடிவந்து அவர்களை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனார். "தயவுசெஞ்சு எதுவும் கேக்காதீங்க. அவளுக்கே தெரியாது."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதன்பிறகு நிலைமை கைமீறிப் போயிற்று. ரொட்டிக் கடைக்காரர் பெர்சிடாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். பத்து வருஷமாகப் பேசாதிருந்த எதிர்வீட்டுக்காரி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியே கட்டிப்பிடித்து அழுதாள்.

"என்னங்க, ஆளாளுக்கு என்னை மடியில போட்டுத் தாலாட்டுறாங்க. என்ன சங்கதி?"

"பாசம்."

"இந்த ஊர்லயா?" என்றாள் பெர்சிடா.

விருந்தை நிறுத்தத்தான் இத்தனை பாடும். ஆனால் பாதிரியாரே வீடு தேடி வந்து பிளகோயேயின் தோளில் கை வைத்தார். "கவலைப்படாத. அவளுக்கு இதுதான் கடைசி விருந்துன்னா, ஊரே சேர்ந்து நடத்தும். அவ ஒரு கரண்டியைக்கூடத் தொட வேணாம்."

ஊர் சேர்ந்து நடத்தியது. முப்பத்தொன்றாம் தேதி முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. நடுநாயகமாகப் பெரிய மெழுகுவத்தி எரிந்தது. இனிப்புக் கோதுமை, முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய கறி, மூன்று முழு ஆடு. பெர்சிடாவை நாற்காலியில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். அவள் ஏதோ விபரீதம் என்று முழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது துறையிலிருந்து கப்பலின் சங்கு ஊதியது.

பிளகோயே கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். சட்டைப்பையில் டிக்கெட் கிடந்தது. இத்தனை வருஷம் போல இந்தக் கப்பலும் போய்விடப் போகிறது. அவருக்கு அழுகை வெடித்துவிட்டது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல! நான் சொன்னது அத்தனையும் பொய்! அவளைக் கப்பல்ல கூட்டிட்டுப் போகத்தான் விருந்தை நிறுத்தப் பாத்தேன். ஆசை ஆசையா கேட்டவளை ஒருநாள்கூட கூட்டிட்டுப் போகாத பாவி நான்!"



"அப்ப இவ சாகல?" என்றான் வுகாஷின்.

"இல்ல."

"அட நாசமாப் போறவனே! நான் ஆடு வெட்டினேனேடா!"

பெர்சிடா கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள். சந்தோஷத்தில் பூரிப்பாள் என்று எதிர்பார்த்த முகம் வெளுத்திருந்தது. "எந்தக் கப்பல்?"

"அந்த வெள்ளைக் கப்பல்தான். சன்னல்ல நின்னு கை காட்டுவியே, அதேதான்."

"அது வேணாங்க. வேற ஏதாவதுல போலாம். வியன்னால அப்படி என்ன இருக்கு, காப்பி விலை கொள்ளை, மழை வேற."

ஆசையை அடக்கி அடக்கி அவளுக்கு இதுவே பழகிவிட்டது என்று நினைத்து பிளகோயே இன்னும் தேம்பினார். ஊருக்கும் கோபம் இளகிவிட்டது. செத்துப்போவாள் என்று அழுத பெண்களே அவள் துணிகளைப் பெட்டியில் அடைத்தார்கள். வுகாஷின் ஓர் ஆட்டுத்தொடையைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். "வேணாங்க, சொன்னாக் கேளுங்க" என்று கால் இழுத்தவளை இரண்டு பக்கமும் பிடித்துத் துறைக்குக் கூட்டிப்போனது ஊர்வலம். பாதிரியார் முன்னால் நடந்தார்.

பலகைப் பாலத்தின் அடியில் பிளகோயே நின்று அவள் கையைப் பிடித்தார். "ரொம்ப லேட்டாயிடுச்சு பெர்சிடா. என்னை மன்னிச்சிரு."

"நானும் ஒண்ணு சொல்லணுங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், மேலே பயணிகளை வரவேற்க நின்ற பணிப்பெண் கத்திக்கொண்டே இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"பெர்சிடாம்மா! செப்டம்பர்லதான இறங்கிப் போனீங்க, அதுக்குள்ளயா? அதே சன்னலோர அறை காலியாத்தான் இருக்கு. ஆமா, இவர் யாரு, மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா? நல்ல காரியம் பண்ணீங்க! செத்துப்போன அந்த மனுஷன் வேலை பார்த்த இடம்னு அணைக்கதவு வரும்போதெல்லாம் அறைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டு, எத்தனை வருஷந்தான் தனியாவே வருவீங்க!"