மாப்பிள்ளை எடுத்த முதல் கல்யாணம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் கண்ணால் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போனால் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சாவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு, 'எடுத்தாச்சா' என்று திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த நிலையிலும் நாட்டைத் தாங்கிப் பிடித்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், கல்யாண போட்டோகிராபர்கள் என்றுதான் சொல்வேன். அவர்கள் இல்லையென்றால் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது. ஐயரும் மேளமும் தாலியும் சும்மா ஒத்தாசைக்கு.

அந்த மகான்களில் ஒருவர் என் மூத்த மாப்பிள்ளை ஜெய்சங்கர். போன ஜென்மத்தில் நான் ஏதோ செய்திருக்கிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். போல்ட்டை முடுக்கினால் முடுக்கியிருக்க வேண்டும். முடுக்கிய மாதிரி தெரிந்தால் போதாது. இப்படியே பழகிவிட்டதால் எனக்குக் கலை புரியாது. மாப்பிள்ளையே அன்போடு பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அவர் தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"மாமா, இனிமே நான் வெட்டிங் ஸ்டோரி டெல்லர்."

"அப்படின்னா?"

"கல்யாணத்தைக் கதையாச் சொல்றது."

"நடந்ததை எடுத்தாப் போதாதா மாப்பிள்ளை?"

"நடந்ததை எல்லாரும்தான் எடுக்கறாங்க மாமா."

ஆனால் உலகம் அவருடைய அருமையை உடனே உணரவில்லை. போன இடத்திலெல்லாம், "இதுக்கு முன்னாடி எடுத்த கல்யாணத்தைக் காட்டுங்க" என்றார்கள். காட்டக் கல்யாணம் இல்லாததால் எடுக்கக் கல்யாணம் கிடைக்கவில்லை. இந்த நெருக்கடியைப் பரிசீலிக்க எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் அவசரக் கூட்டம் கூடியது. மாப்பிள்ளை தலைமை. மகள் ப்ரீத்தி, என் மனைவி ரெங்கநாயகி, ஒரு லேப்டாப் ஆகியோர் கலந்துகொண்டனர். ஏற்கெனவே கல்யாணமான மாப்பிள்ளைக்கும் ப்ரீத்திக்கும் படத்துக்காக மறுபடி கல்யாணம் செய்துவைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. என் ஆட்சேபம் குறிப்பில் ஏறவில்லை.

ஆடி மாசத்தில்தான் மண்டபம் காலியாக இருக்கும் என்று ஆடியிலேயே வைத்தார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆடியில கல்யாணமா பெரியவரே? அவசரமோ?"

"பொண்ணுக்கு ஆறு வயசுல பையன் இருக்கான். அவசரம் ஒண்ணுமில்ல" என்றேன்.

ப்ரீத்தியின் அசல் தாலியை முதுகுப் பக்கம் தள்ளி மறைத்தார்கள். அதில் 'ஷைன்' பத்தவில்லையாம். சின்னக்கடைத் தெருவில் வாங்கிய கவரிங் தாலி வந்தது. மாப்பிள்ளை கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி பட்டனை அமுக்கிவிட்டு, ஓடி வந்து மணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். சரியாக வரவில்லை என்று மறுபடி ஓடினார். அன்றைக்கு என் மகளுக்குப் பதினொரு முறை கல்யாணம் நடந்தது. ஒரு கல்யாணத்துக்கும் சாப்பாடு போடவில்லை.

"மாமா, கொஞ்சம் அழுங்க."

"எதுக்கு?"

"பொண்ணைத் தாரை வார்க்கறீங்க."

"எட்டு வருஷம் முன்னாடியே வார்த்தாச்சே."

"அப்ப நான் எடுக்கலையே மாமா. சரி, மூச்சையாவது இழுத்து நிறுத்துங்க."

ரெங்கநாயகி கேட்காமலே அழுதாள். அவளுக்குக் கலை புரியும்.

தை மாசத்தில் இளையவள் சித்ராதேவிக்குக் காட்டூரில் இடம் அமைந்தது. பையன் பெயர் லக்ஷ்மணன். அவன் அப்பா சின்னையன் நகைப் பட்டறை வைத்திருந்தவர். மருமகளுக்கான தாலியைத் தன் கையாலேயே செய்தார். அதுதான் அவர் கடைசியாகச் செய்தது. அடுத்த மாசம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மண்டபத்துக்கு வர முடியாது. அதனால் சம்பந்தியம்மா விஜயராணி, 'மாபெரும் முதல் வாய்ப்பு' பெற்றிருந்த எங்கள் ஸ்டோரி டெல்லரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, நீங்க வேற எதை எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி. அவரு செஞ்ச தாலி பொண்ணு கழுத்துல ஏறுறதை மட்டும் அவருக்குக் காட்டணும். தினம் அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடக்காரு."

"அதை எங்கிட்ட விட்டுடுங்கம்மா. அதான் நம்ம ஹீரோ ஷாட்."

அந்த ஹீரோவுக்காக மாப்பிள்ளை ஒரு புகை மெஷின் கொண்டுவந்தார். தேவலோகத்தில் நடக்கிற மாதிரி மணமேடையில் மேகம் சூழுமாம். கெட்டிமேளம் கொட்டியதும் பட்டனை அழுத்தினார். தேவலோகம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. மணமேடை, மணமக்கள், ஐயர், ஹோம குண்டம் எல்லாம் மறைந்தன. முதல் வரிசை இருமியது. உள்ளேயிருந்து ஐயரின் குரல் மட்டும், "கட்டுங்கோ, கட்டுங்கோ" என்றது. அட்சதையைக் குரல் வந்த திசையில் வீசினோம். ஆடியில் அழுத ரெங்கநாயகிக்கு இப்போது இருமவே நேரம் போதவில்லை.

புகை விலகியபோது தாலி கழுத்தில் இருந்தது. மாப்பிள்ளை கேமராவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐயரிடம் போனார்.

"சாமி, இன்னொரு தடவை கட்டச் சொல்லுங்களேன்."

"கட்டினது கட்டினதுதான் ஓய். வேணும்னா உம்ம புகையைத் திரும்ப உள்ள போகச் சொல்லும்."

மற்றவர்கள் போனிலாவது இருக்கும் என்று தேடினோம். எல்லாப் போனிலும் வெள்ளைப் புகையும் அதன் நடுவில் மாப்பிள்ளையின் முதுகும் இருந்தன. வீடியோ காலில் காட்டூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சின்னையனும் அந்த முதுகைத்தான் தரிசித்திருக்கிறார்.

ஒரு மாசம் கழித்து ஆல்பம் வந்தது. கதவு கனம். நடுப் பக்கம் முழுக்க ஒரே படம். மாலை, கழுத்து, மஞ்சள் கயிறு, அதில் தாலி, முடிச்சுப் போடும் இரண்டு கைகள். முகம் இல்லை. துளிப் புகை இல்லை.

"இது எப்ப எடுத்தது மாப்பிள்ளை?"

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஆடியில எடுத்தது மாமா. கை என் கை. கழுத்து ப்ரீத்தி கழுத்து. அக்கா தங்கச்சி கழுத்து ஒரே மாதிரிதானே?"

"அந்த மனுஷனுக்குப் போய் இதையா காட்டுவீங்க?"

"படம் வேறயா இருக்கலாம் மாமா. ஃபீலிங் உண்மை."

சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் புகுந்த வீட்டுக்குப் போய் ஒரு மாசமே ஆன பெண்ணை நினைத்து, பொது நலன் கருதி வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையோடு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான்.

காட்டூரில் லக்ஷ்மணன் வேலைக்குப் போயிருந்தான். விஜயராணி கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துப் புருஷனை நிமிர்த்தி உட்காரவைத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி நடுப் பக்கத்துக்கு வந்ததும் அந்தம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க, நம்ம லக்ஷ்மணன் கை. விரலெல்லாம் அப்படியே உங்க விரல்."

என் மாப்பிள்ளை அடக்கமாகத் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சின்னையன் இடது கையை நீட்டி, அலமாரியைக் காட்டினார். விஜயராணி நகை பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் கண்ணில் வைத்து, படத்தின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு வாய் குழற, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இது... கவரிங்."

விஜயராணி மெல்லத் திரும்பி என் மகளைப் பார்த்தார்.

"அவரு செஞ்ச தாலி எங்கம்மா சித்ரா?"

சித்ரா சேலைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்து, மாமனார் முன்னால் போய்க் குனிந்தாள். அவர் இடது கைவிரலால் அதைத் திருப்பித் தடவிப் பார்த்தார்.

"இதான்" என்றார். சித்ரா மூச்சு விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். "சம்பந்தி... கட்டினப்ப... நீங்க பாத்தீங்களா?"

எனக்கு முன்னால் கதவு கனத்தில் அந்த ஆல்பம் கிடந்தது.

"பக்கத்துலதான் நின்னேன் சம்பந்தி. ஒரே புகை. பாக்கல. இந்தப் படமும் அன்னிக்கு எடுத்தது இல்ல. தெரிஞ்சேதான் கொண்டாந்தேன்."

மாப்பிள்ளைதான் நிலைமையைக் கையில் எடுத்தார்.

"ஐயா, ஃபீல் பண்ணாதீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை இங்கேயே, உங்க கட்டில் பக்கத்துலயே மறுபடி ஒரு தடவை கட்டிடலாம். நீங்க நேர்லயே பாத்த மாதிரியும் ஆச்சு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே அது நல்ல யோசனையாகத் தோன்றியது. சின்னையன் முகத்தில்கூட ஏதோ அசைந்தது.

"ஏறின தாலியைக் கழட்டக் கூடாதே தம்பி" என்றார் விஜயராணி.

"கழட்டவே வேணாம்மா. இதை உள்ள மறைச்சிட்டு அந்தக் கவரிங்கையே கட்டிக்கலாம். இதைவிட அதுலதான் ஷைன் ஜாஸ்தி."

சின்னையன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எழுந்தேன். மகளிடம் போயிட்டு வரேன் என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"மாமா, அப்படியே போங்க. திரும்பாதீங்க. கொஞ்சம் மெதுவா... மூச்சை இழுத்து நிறுத்துங்க."

'கிளிக்' என்றது.

இப்போது அவருடைய இணையப் பக்கத்தில் முதலில் இருப்பது அந்தப் படம்தானாம். 'மகளைப் புகுந்த வீட்டில் விட்டுப் பிரியும் தந்தை' என்று கீழே எழுதியிருக்கிறாராம். வைகாசி முழுக்க முகூர்த்தம் பதிவாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் அழுகிறார்கள் என்று ரெங்கநாயகி சொல்கிறாள். அழட்டும். நான் அன்றைக்கு அப்படி விறுவிறுவென்று நடந்தது, அவரை அடிக்காமல் பஸ் ஏறிவிட வேண்டும் என்பதற்காக.